உப்புச் சாடி இருந்த பக்கம்

புவனேஸ்வரி: அய்யய்யோ, நிறுத்துங்க நிறுத்துங்க! கரண்டியை வாய்க்குக் கொண்டு போகாதீங்கக்கா!

மேகலா: இல்லங்க... கை தானாப் போயிடுச்சு. மொச்சை வெந்துடுச்சான்னு...

புவனேஸ்வரி: வெந்துச்சான்னு விரல்ல நசுக்கிப் பாருங்க. கரண்டியைக் கழுவி வச்சிருங்க. எங்க ஊட்டுல அது ஒண்ணுதானுங்க சட்டம். சாமிக்கு வைக்கற வரைக்கும் ருசி பாக்கறதும் இல்லை, மோந்து பாக்கறதும் இல்லை.

மேகலா: எந்தச் சாமிக்கு?

புவனேஸ்வரி: மலை உச்சியில இருக்கறாரில்லீங்க, நம்ம சேர்வராயரு. அதா, அரிசி டப்பாவுக்கு மேல படம் மாட்டியிருக்குது பாருங்க.

மேகலா: ஓ... இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்கறதாலயா?

புவனேஸ்வரி: செவ்வாக்கிழமை கோயமுத்தூர்ல இருந்து ஒரு குடும்பமே வந்துச்சுங்க, சமையல் கத்துக்க. அன்னைக்கும் இதே சட்டந்தான். எங்க ஊட்டுல எல்லா நாளும் வெள்ளிக்கிழமைதானுங்க.

மேகலா: அருமையான சட்டம்!

புவனேஸ்வரி: அட, நீங்கதானுங்க முதல் ஆளு! இதைச் சொன்னதும் வர்றவங்க எல்லாம் மூஞ்சியைச் சுளிப்பாங்க. "ருசி பாக்காம என்ன சமையல்"னு ஒரு அம்மா சண்டைக்கே வந்துருச்சு.

மேகலா: நான் மெட்ராஸ்ல இருந்து இதுக்காகவே வந்தேன் புவனா. எங்க ஆபீஸ்ல ஒருத்தி ஏற்காடு சுத்திப் பாத்துட்டு வந்து சொன்னா... "நாகலூர்ல ஒருத்தங்க வீட்டுலயே சமையல் சொல்லித் தராங்க, உப்புகூட வாயில வச்சுப் பாக்க மாட்டாங்க, ஆனா குழம்பு அவ்வளவு நல்லா இருக்கு"ன்னு. அதைக் கேட்டதுலருந்து எனக்கு இதே நினைப்பு. கூட வந்தவங்க எல்லாம் இப்ப ஏரியில படகு விட்டுட்டு இருக்காங்க.

புவனேஸ்வரி: படகை விட்டுட்டு மொச்சைக்கொட்டையைத் தேடி வந்தீங்களாக்கும்! சரி, உப்புக்கு வருவோம். கையை நீட்டுங்க. கல்லுப்பு... இந்தச் சட்டிக்கு, உள்ளங்கைக் குழி மறையோணும். விரலுக்கு ஏறப்படாது.

மேகலா: இவ்வளவா?

புவனேஸ்வரி: கொஞ்சம் உதறுங்க... ஆ, அதேதான்! என்ற கையையும் பாருங்க. ஒண்ணா இருக்குதா?

மேகலா: அப்படியே ஒண்ணா இருக்கு!

புவனேஸ்வரி: உங்க கையில இருக்கறதைச் சாடியிலயே போட்டுருங்க. என்றதைச் சட்டியில... போட்டாச்சு. சாடி இங்க.

மேகலா: எதுக்கு அதை அடுப்பைத் தாண்டி ஜன்னல்கிட்ட வைக்கறீங்க? இந்தப் பக்கம்தானே இருந்தது?

புவனேஸ்வரி: அது... பழக்கமுங்க.

மேகலா: எல்லாத்துக்கும் ஒரு கணக்கு வச்சிருக்கீங்க. எனக்கு அதான் வேணும். ஞாயித்துக்கிழமை என் பொண்ணு வரா.

புவனேஸ்வரி: எங்கிருந்துங்க?

மேகலா: ஐதராபாத்துல வேலை பாக்கறா. மோனிஷா. "அம்மா, உன் கையால மொச்சைக் குழம்பு வேணும், வேற எதுவும் வேணாம்"னு போன்ல ஒரே பாட்டு. எனக்குத்தான் பயமா இருக்கு.

புவனேஸ்வரி: பெத்த புள்ளைக்குக் குழம்பு வைக்க என்னுங்க பயம்?

மேகலா: நான் சமைச்சே ரொம்ப நாளாச்சு. ஆள் வச்சிருக்கோம். தீபாவளிக்கு அவ வந்தப்ப, நல்ல நாளும் அதுவுமான்னு நானே சமைச்சேன். ரெண்டு வாய் சாப்பிட்டா... தலை வலிக்குதும்மான்னு எந்திரிச்சுட்டா.

புவனேஸ்வரி: நெசமாவே வலிச்சிருக்கும்.

மேகலா: கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்கறேன், சமையக்கட்டுல நின்னு வெறும் பிரெட்டைத் தின்னுட்டிருக்கா. நான் பாக்காத மாதிரி ரூமுக்குப் போய் அழுதேன். சொல்லவே வெக்கமா இருக்கு.

புவனேஸ்வரி: இதுல என்னுங்கக்கா வெக்கம்... கை மறந்துபோயிருக்கும்.

மேகலா: ஆமா... கை மறந்துபோச்சு. அப்படித்தான் வச்சுக்கங்களேன். இந்தத் தடவை அவ தட்டை வழிச்சுச் சாப்பிடணும். எனக்கு அது ஒண்ணு போதும்.

புவனேஸ்வரி: சாப்பிடுவாங்க பாருங்க. நான் சொல்லித் தரேன், நீங்க... இருங்க, போன் அடிக்குது. அவருதான். உள்ள டவர் எடுக்காது, வாசலுக்குப் போறேன்... ஏனுங்க! கேக்குதுங்களா?... எங்க இருக்கறீங்க?

மேகலா: புவனா! ஜன்னல் வழியா பனி உள்ள வருது. இங்க இருக்கறதெல்லாம் ஈரமாகுது. இந்தப் பக்கம் எடுத்து வச்சிடட்டுமா?

புவனேஸ்வரி: வையுங்கக்கா, வையுங்க!... உங்களைச் சொல்லலீங்க, இங்க வந்திருக்கறவங்களைச் சொன்னேன்... என்னது, மஞ்சக்குட்டை வளைவுலயா? லைட் போட்டும் தெரியலீங்களா?... அப்ப சாப்பாட்டுக்கு நீங்க இல்லாம நான் எப்படீங்க...? இல்லீங்க, ஓட்டாதீங்க. விலகுனதும் மெதுவா வாங்க. சரிங்க.

மேகலா: வீட்டுக்காரரா? மூஞ்சியே வாடிப்போச்சு உங்களுக்கு.

புவனேஸ்வரி: எஸ்டேட் ஜீப்பு ஓட்டறாருங்க. பனியில மாட்டிக்கிட்டாரு.

மேகலா: பத்திரமா இருக்காரில்ல?

புவனேஸ்வரி: அதெல்லாம் நல்லாத்தான் இருக்கறாரு. சாப்பாட்டு நேரத்துக்கு வரோணுமேன்னுதான்... சாமிக்கு வச்சதுல முதல் வாய் அவருதான் எடுப்பாரு.

மேகலா: அதுவும் சட்டமா?

புவனேஸ்வரி: அதுவும் சட்டந்தானுங்க.

மேகலா: குடுத்து வச்ச மனுஷன்! எங்க வீட்டுல அவர் செல்லைப் பாத்துட்டே சாப்பிடுவார். தட்டுல செருப்பை வச்சாலும் தெரியாது.

புவனேஸ்வரி: அய்யோ அக்கா, சிரிக்க வைக்காதீங்க! இந்தாங்க, பச்சை மிளகு. காலையில கொடியில இருந்து பறிச்சது. காம்புல இருந்து உருவி, தேங்காயோட சேத்து அரைக்கோணும். பொறவாசல்ல அம்மி கிடக்குது.

மேகலா: மிக்ஸி வேணாமா?

புவனேஸ்வரி: மிக்ஸி இருக்குது. ஆனா அதுல மிளகு உடைஞ்சுதா அரைஞ்சுதான்னு கைக்குத் தெரியாது. அம்மியில குழவி வழுக்க ஆரம்பிச்சா அரைஞ்சுதுன்னு அர்த்தம். கையே சொல்லும்.

மேகலா: கையே சொல்லும்... இதை நான் மனப்பாடம் பண்ணிக்கறேன்.

புவனேஸ்வரி: மெதுவா, விரல் பத்திரம்! ...அட, சாடி இந்தப் பக்கம் இருக்குதே. உப்புப் போடலையா நான்? கையளவு காட்டினேன்... காட்டினதோட விட்டுட்டனாட்டம் இருக்குது. அக்கா, நான் உப்புப் போட்டனாங்க?

மேகலா: என்னது? அம்மி சத்தத்துல ஒண்ணும் கேக்கல!

புவனேஸ்வரி: ஒண்ணுமில்லீங்க, நீங்க அரைங்க! சாடி இங்க இருந்தா போடலைன்னுதான் கணக்கு. ...போட்டாச்சு. சாடி அந்தப் பக்கம்.

மேகலா: புவனா, குழவி வழுக்குது! வந்து பாருங்க!

புவனேஸ்வரி: அட, வெண்ணையாட்டம் அரைச்சிருக்கறீங்களே! வழிச்சு எடுத்துட்டு வாங்க, தாளிக்கலாம். எண்ணெய் வச்சுட்டேன். இப்பக் கண்ணை மூடுங்க.

மேகலா: அடுப்புகிட்ட நின்னுக்கிட்டா?

புவனேஸ்வரி: நான் புடிச்சுக்கறேன். கேளுங்க. கடுகு போடறேன்... என்ன கேக்குது?

மேகலா: படபடன்னு வெடிக்குது.

புவனேஸ்வரி: அது அடங்கட்டும்... இன்னும்... ம், இப்ப வெங்காயம். என்ன சத்தம்?

மேகலா: பெரிய மழை மாதிரி.

புவனேஸ்வரி: வெங்காயத்துல தண்ணி இருக்கற வரைக்கும் அந்தச் சத்தம். வத்த வத்த தூறலாட்டம் ஆயிரும். அப்பத் தக்காளி. கண்ணைத் தொறங்க, ஓரம் செவந்திருக்குதா?

மேகலா: செவந்திருக்கு... அய்யோ புவனா, சரியா செவந்திருக்கு! இத்தனை வருஷம் சமைச்சேன், ஒரு நாள்கூட அடுப்பு என்ன பேசுதுன்னு நான் கேட்டதில்ல. யார் உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?

புவனேஸ்வரி: யாரும் இல்லீங்க. நானாத்தான்... ஒரு நேரத்துல கத்துக்க வேண்டியதாப் போச்சு.

மேகலா: நான் எத்தனை வீடியோ பாத்திருக்கேன் தெரியுமா? எல்லாரும் "பச்சை வாசனை போற வரைக்கும் வதக்குங்க, நல்ல வாசனை வந்ததும் இறக்குங்க". எனக்குக் கோவம் கோவமா வரும். நீங்க காலையில இருந்து வாசனைன்னு ஒரு வார்த்தை சொல்லல.

புவனேஸ்வரி: ...வாசனையை நம்பப்படாதுங்க. சளி புடிச்சா என்ன பண்ணுவீங்க?

மேகலா: அதானே! சளி புடிச்சா என்ன பண்றது? கரெக்ட்.

புவனேஸ்வரி: இப்ப மொச்சையில இதையெல்லாம் கொட்டி, மிளகு விழுதைக் கரைச்சு ஊத்தறோம். மேல பச்சையா நுரை நிக்குது பாருங்க. அது ஓரத்துக்கு ஒதுங்கி உடையும். உடைஞ்ச இடத்துல எண்ணெய் மினுக்குனா, இறக்கிரலாம்.

மேகலா: உங்களைப் பாத்தா பொறாமையா இருக்குங்க. மூஞ்சிக்கு முன்னாடி புகழறேன்னு நினைக்காதீங்க. கண்ணு, காது, கை... எல்லாமே சமைக்குது உங்களுக்கு.

புவனேஸ்வரி: அப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா. எனக்கு ஒரு மாதிரி இருக்குது.

மேகலா: நிஜமாத்தான் சொல்றேன். இந்த ஜன்னலுக்கு வெளிய பனியைத் தவிர ஒண்ணும் தெரியல. ஆனா மலை ஏறி வந்ததுக்கு இதைவிடப் பெரிசா என்ன பாத்திடப் போறேன்... அதோ, மினுக்குது!

புவனேஸ்வரி: இறக்குங்க! ஆச்சு. சோறும் வடிச்சாச்சு. சாமிக்கு வச்சுட்டு வரேன். காபிக்குப் பாலை அடுப்புல வச்சிருக்கேன், சிம்முல.

மேகலா: எனக்குச் சோறு போட்டுடுங்க புவனா. அடுத்த பஸ்ஸை விட்டா கூட வந்தவங்க எல்லாம் ஏரிக்கரையில நின்னு என்னைத் திட்டுவாங்க.

புவனேஸ்வரி: அவரு வந்துட்டாருன்னா...

மேகலா: சாமிக்கு வச்சாச்சு. முதல் வாய் நான் எடுத்தா சேர்வராயர் கோவிச்சுக்குவாரா?

புவனேஸ்வரி: அவரு கோவிக்க மாட்டாரு. எனக்குத்தான்... சரி, உக்காருங்க. இந்தாங்க. மெதுவா. ...என்னுங்க, எப்படி இருக்குது?

மேகலா: ஆஹா!

புவனேஸ்வரி: நெசமாவா? உப்பு?

மேகலா: கச்சிதம்!

புவனேஸ்வரி: காரம்? புளிப்பு?

மேகலா: எல்லாம் அளவா இருக்கு. மொச்சை என்ன பதமா வெந்திருக்கு... பல்லுல படுது, உடனே கரையுது. நீங்களும் உக்காருங்க.

புவனேஸ்வரி: உக்காரறேன்... ம். ஆமாங்க. நல்லாத்தான் அமைஞ்சிருக்குது. அப்பாடா, இப்பத்தான் உசுரு வந்துச்சு எனக்கு.

மேகலா: இன்னும் ஒரு கரண்டி ஊத்துங்க.

புவனேஸ்வரி: தாராளமா! உங்களாட்டம் ரசிச்சுச் சாப்பிடறவங்களுக்குப் போடறதுன்னா எனக்கு நொம்ப சந்தோசமுங்க. ...ஜீப்புச் சத்தம் கேக்குது. வந்துட்டாரு!

சத்யராஜ்: புவனா! என்ன புள்ள இது, பால் தீயற வாடை ரோடு வரைக்கும் வருது! ரெண்டு பேரும் அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கறீங்க!

புவனேஸ்வரி: அய்யோ, பாலு! பேச்சு சுவாரசியத்துல மறந்தே போயிட்டேன்.

மேகலா: நானும் கவனிக்கலையே... சாரிங்க.

சத்யராஜ்: வாங்க, வணக்கமுங்க. நீங்க எதுக்குங்க சாரி சொல்றீங்க. சாப்பிடுங்க சாப்பிடுங்க.

புவனேஸ்வரி: மாமா, கையைக் கழுவிட்டு நீங்களும் ஒரு வாய் எடுங்க. அக்கா பிரமாதம்னு சொல்லிட்டாங்க. ரெண்டாந்தடவை வாங்கிச் சாப்பிடறாங்க!

சத்யராஜ்: அப்படியா? போடு பாப்போம். ...

புவனேஸ்வரி: எப்படீங்க?

சத்யராஜ்: தண்ணி... அந்தச் சொம்பை எடு.

புவனேஸ்வரி: மாமா?

சத்யராஜ்: ஒண்ணுமில்லை புள்ள. வெளிய... வெளிய வெயிலு நொம்ப ஜாஸ்தி.

மேகலா: வெயிலா! நீங்க பனியில மாட்டிக்கிட்டீங்கன்னு இப்பத்தானே புவனா சொன்னாங்க?

புவனேஸ்வரி: வெயிலா? நொம்பவாங்க?

சத்யராஜ்: கொளுத்துது புவனா.

மேகலா: ரெண்டு பேரும் என்ன பேசறீங்க? ஜன்னலுக்கு வெளிய முருங்கை மரமே தெரியல. சரி விடுங்க... புவனா, எனக்கு இன்னும் கொஞ்சூண்டு குழம்பு.

சத்யராஜ்: வேண்டாமுங்க! ஊத்தாத புள்ள, சட்டியை இங்க குடு!

மேகலா: ஏங்க?

சத்யராஜ்: அக்கா, தப்பா நினைக்காதீங்க. நான் ஒரே ஒரு வாய் வச்சுட்டு ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிருக்கறேன். அவ்வளவு கரிக்குதுங்க. உப்பு ஒண்ணுக்கு ரெண்டா விழுந்திருக்குது.

புவனேஸ்வரி: சாடி இந்தப் பக்கம்தானுங்க இருந்துச்சு! நான் பாத்துட்டுத்தான் போட்டேன்!

மேகலா: சாடியா? அந்த உப்புச் சாடியா? ஜன்னல்கிட்ட நனையுதேன்னு நான்தான் எடுத்து வச்சேன்... வைக்கட்டுமான்னு கேட்டேனே, நீங்களும் வையுங்கன்னீங்க.

புவனேஸ்வரி: அய்யோ... போட்டா அந்தப் பக்கம், போடலைன்னா இந்தப் பக்கம். அதைப் பாத்துத்தானுங்க எனக்குத் தெரியும். வேற எப்படியும் எனக்கு...

சத்யராஜ்: சரி சரி, அழுவாத புள்ள. ஆனா எனக்கு ஒண்ணுதான் விளங்க மாட்டேங்குது. அக்கா, நீங்க எப்படிங்க இதை ரெண்டு கரண்டி வாங்கிச் சாப்பிட்டீங்க?

மேகலா: அது... நல்லாத்தானே இருந்தது.

புவனேஸ்வரி: மரியாதைக்குச் சாப்பிட்டிருப்பாங்க. நல்ல மனசு அவங்களுக்கு.

சத்யராஜ்: மரியாதைக்கு ஒரு வாய் சாப்பிடலாம் புவனா. இதை மூஞ்சி மாறாமச் சாப்பிட உன்னாலதான் முடியும்.

மேகலா: அவங்களால மட்டும்... எப்படி?

சத்யராஜ்: நீயே சொல்லிரு புள்ள. எத்தனை நாளைக்குத்தான் சேர்வராயரு தலையில பழியைப் போடுவ.

புவனேஸ்வரி: ...மன்னிச்சுருங்கக்கா. சாமி ஒண்ணும் ருசி பாக்க வேண்டாம்னு சொல்லலை. அந்தச் சட்டம் நானாப் போட்டது. கொரோனாக் காய்ச்சல் வந்துச்சு பாருங்க, அதுல போன ருசியும் வாசனையும் எனக்குத் திரும்பி வரவே இல்லை. உப்பும் ஒண்ணுதான், சக்கரையும் ஒண்ணுதான். இவருதான் எனக்கு நாக்கு. வெயிலுன்னா உப்பு ஜாஸ்தி, மழைன்னா கம்மி, நல்ல காத்துன்னா சரியா இருக்குதுன்னு அர்த்தம். வந்தவங்களுக்குத் தெரியாம இப்படியே ஓட்டிட்டு இருந்தோம். வெளிய தெரிஞ்சா என்ன ஆகுமுங்க? ருசியே தெரியாதவகிட்ட சமையல் கத்துக்க எவங்க வருவாங்க?

மேகலா: நான் வந்திருக்கேனே புவனா... அழாதீங்க, அப்புறம் நானும் அழுதுடுவேன். ருசி பாக்காமயே ஒருத்தங்க சமைக்கறாங்கன்னு கேட்டதும், அப்ப என்னாலயும் முடியும்னு ஓடி வந்தேன். எனக்கும் அதே காய்ச்சல்தான், அதே மாதிரிதான். தீபாவளிக்குச் சமைச்சதுல என்ன கெட்டுப்போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. பெத்த பொண்ணுகிட்டக்கூட இதைச் சொல்லாம மறைச்சு வச்சிருக்கேன்... உங்களுக்கு இவர் மாதிரி, எனக்கொரு நாக்கு ஞாயித்துக்கிழமை ரயில்ல வந்து இறங்கறா.